புரதத்திலிருந்து அமினோ அமிலத்திற்கு: வளர்ப்பு மீன் ஊட்ட ஆய்வின் வரலாறும் இந்தியப் பெருங்கெண்டைகளும்

ஆய்வுச் சுருக்கம்

தீவனத்தின் மொத்தப் புரதம் என்னும் ஒற்றை அளவுகோல், இன்றியமையா அமினோ அமிலங்களின் தனித்தனி அளவுகளாகப் பிரிந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சால்மன் மீன்களைப் பொறுத்து 1957இல் எட்டப்பட்ட தெளிவு, இந்தியப் பெருங்கெண்டைகளைப் பொறுத்து 1990களில்தான் எட்டப்பட்டது. இத்தாழ்வுக்கு ஆய்வு வசதிக் குறைவு மட்டுமே காரணமன்று. கெண்டையின் உடலமைப்பு எழுப்பிய முறையியல் தடையும், தீவனத்தின் குறையை ஈடுசெய்து மறைத்த குளமும் அதற்கு நிகரான காரணங்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: இன்றியமையா அமினோ அமிலங்கள், லைசின், மெத்தியோனின், இந்தியப் பெருங்கெண்டைகள், சோதனைத் தீவனம், கடலைப் புண்ணாக்கு

முன்னுரை

மீன் வளர்ப்பின் வரலாற்றில் 1957 இருமுறை குறிக்கத்தக்க ஆண்டு. அவ்வாண்டு ஜூலை 10 அன்று ஒடிசாவிலுள்ள அங்குலில் ஹிராலால் சௌதுரியும் அவர்தம் குழுவினரும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தனர். மழைக்கால ஆற்று வெள்ளத்தில் குஞ்சு பொறுக்கிவந்த நாட்டில், குஞ்சை வேண்டும்போது உண்டாக்கிக்கொள்ளும் வழி அன்று பிறந்தது. ஜூலை 10ஆம் நாள் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுவது இதனால்தான். அதே ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் குக் என்னும் சிற்றூரில் இயங்கிய மேற்கு மீன் ஊட்ட ஆய்வகத்தின் ஜான் ஹால்வர், தம் உடனாய்வாளர்களான டிலாங், மெர்ட்ஸ் ஆகியோருடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். சினூக் சால்மனின் வளர்ச்சிக்கு எந்தெந்த அமினோ அமிலங்கள் இன்றியமையாதவை, எவை அல்ல என்பதை அக்கட்டுரை வகுத்துரைத்தது.

குஞ்சுக்கான விடை இந்தியாவில் கிடைத்தது. உணவுக்கான விடை அமெரிக்காவில் கிடைத்தது. முன்னது சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. பின்னது இந்தியக் கெண்டைகளை வந்தடைய முப்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. கட்லா மீனுக்கு வேண்டிய இன்றியமையா அமினோ அமிலங்களின் அளவுகளை ஒருசேரத் தரும் ரவி, தேவராஜ் ஆகியோரின் கட்டுரை 1991இல் வெளிவந்தது. பட்டியலை ஒருபுறமும் அளவுகளை மறுபுறமும் வைத்து ஒப்பிடுவது முழுதும் முறையாகாது. சால்மனுக்கான அளவுகளும் 1958 தொடங்கிப் படிப்படியாகவே வெளிவந்தன. அதைக் கழித்துக் கணக்கிட்டாலும் இடைவெளி கால் நூற்றாண்டுக்குக் குறையாது. இவ்விடைவெளியை நிதிக்குறைவு, கருவிக்குறைவு என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. ஆயின் ஆய்வின் போக்கைச் சற்று அணுகிப் பார்த்தால் வேறு காரணங்களும் புலப்படுகின்றன.

எலியிலிருந்து மீனுக்கு

புரதத்தின் அளவைப் போலவே அதன் அமைப்பும் முதன்மையானது என்னும் கருத்து மீனைக்கொண்டு உருவானதன்று. 1914இல் ஆஸ்போர்ன், மெண்டல் ஆகிய இருவரும் மக்காச்சோளப் புரதமாகிய சீன் ஒன்றை மட்டுமே புரதமாக அளித்து எலிகளை வளர்க்க முயன்றனர். எலிகள் எடை இழந்தன. டிரிப்டோபேன் சேர்த்தபோது எடை நிலைத்தது. லைசினையும் சேர்த்த பின்னரே வளர்ச்சி தொடங்கியது. புரதத்தின் மொத்த அளவு மாறவில்லை. அதன் உள்ளமைப்பில் இல்லாதிருந்தவை மட்டுமே இட்டு நிரப்பப்பட்டன.

இதன் அடுத்த படியை எடுத்தவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரோஸ். அதுவரை அறியப்பட்டிருந்த அமினோ அமிலங்களைத் தூய நிலையில் கலந்து கொடுத்தும் எலிகள் வளரவில்லை. அறியப்படாத ஒன்று எஞ்சியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்த அவருடைய குழு, 1935இல் திரியோனினைக் கண்டறிந்தது. அதன்பின் முழுப்புரதமே இல்லாமல், அமினோ அமிலக் கலவையை மட்டும் கொண்ட தீவனத்தில் எலி வளர்ந்தது. கலவையிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கி, வளர்ச்சி நிற்கிறதா தொடர்கிறதா என்று பார்ப்பதே பின்வந்த எல்லா ஆய்வுகளுக்கும் அடிப்படை முறையாயிற்று.

இம்முறை மீனுக்கு வருவதில் இரு தடைகள் இருந்தன. ஒன்று நீர். எலியின் தட்டில் உள்ள கலவை தட்டிலேயே இருக்கும். மீனின் தொட்டியில் இட்ட அமினோ அமிலம் மீன் வாயைத் திறக்குமுன் கரையத் தொடங்கிவிடும். மற்றொன்று, தூய்மையாக்கிய தீவனத்தில் மீன் உயிரோடிருக்கவே மறுத்தது. அக்கால அமெரிக்கக் குஞ்சுப் பண்ணைகளில் ட்ரவுட் குஞ்சுகளுக்கு ஈரலும் பச்சை இறைச்சியுமே உணவு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிளைவ் மெக்கே 1920களில் தூய பொருள்களால் ஆன உலர் தீவனத்தைக் கொடுத்துப் பார்த்தபோது சில வாரங்களில் மீன்கள் மடிந்தன. பச்சை இறைச்சி சேர்த்தால் பிழைத்தன. இறைச்சியிலிருந்த அந்த அறியப்படாத பொருளுக்கு அவர் 'ஹெச் காரணி' என்று பெயரிட்டார். அது ஒரு பொருளன்று, பல வைட்டமின்கள் ஆற்றிய பணி அதில் அடங்கியிருந்தது என்பது பின்னர் விளங்கியது. வைட்டமின் சிக்கல் தீரும்வரை அமினோ அமிலக் கேள்வியை எழுப்பவே இயலாதிருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

குக் ஆய்வகத்தின் சோதனைத் தீவனம்

ஹால்வரின் பெரும்பணி ஒரு கண்டுபிடிப்பு என்பதைவிட ஒரு கருவி என்று சொல்வதே பொருந்தும். முதலில் சால்மன் தாங்கி வளரத்தக்க வைட்டமின் கலவையை அவர் சீர்செய்தார். அதன்பின், 70 விழுக்காடு அமினோ அமிலங்களைக் கொண்ட தீவனத்தை மூன்று வகையாக அமைத்துப் பார்த்தார். ஒன்று கோழிமுட்டைப் புரதத்தின் அமைப்பைப் பின்பற்றியது. மற்றொன்று சால்மன் முட்டைப் புரதத்தைப் பின்பற்றியது. மூன்றாவது, கருவுணவுப் பை நீங்காத சால்மன் குஞ்சின் புரதத்தை ஒட்டியது. சால்மனுக்குச் சால்மன் முட்டையே சிறந்த முன்மாதிரியாக இருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். சோதனையில் முந்தியது கோழிமுட்டை.

அந்தக் கலவையிலிருந்து ஒவ்வோர் அமிலமாக நீக்கியபோது, அர்ஜினின், ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெத்தியோனின், ஃபினைல் அலனின், திரியோனின், டிரிப்டோபேன், வாலின் ஆகிய பத்தில் எது இல்லாதிருந்தாலும் மீன்களின் வளர்ச்சி நின்றது. நீக்கியதை மீண்டும் சேர்த்தவுடன் வளர்ச்சி தொடர்ந்தது. இப்பத்தும் வளரும் எலிக்கு ரோஸ் கண்ட பத்தேயாகும். பாலூட்டிக்கும் மீனுக்கும் இடையே உள்ள பரிணாமத் தொலைவை நினைத்தால் இவ்வொற்றுமை வியப்பளிக்கும். ஆனால் இதுவே பின்னர் ஒரு மயக்கத்துக்கும் இடமளித்தது: பட்டியல் ஒன்றாயின் முறையும் ஒன்றாகவே இருக்கும் என்று கருதப்பட்டது.

இதே குழு 1958இல் சினூக் சால்மனின் மொத்தப் புரதத் தேவையை வெளியிட்டது. நீர் ஏறத்தாழ 8 டிகிரி செல்சியஸாக இருந்தபோது தீவனத்தில் 40 விழுக்காடும், 14 டிகிரியைச் சற்றுக் கடந்தபோது 55 விழுக்காடும் புரதம் தேவைப்பட்டது. தேவை என்பது மீனுக்குள் மட்டும் இருப்பதன்று, அது நீரையும் பொறுத்தது என்பதற்கு இது பழைய சான்று. இக்கட்டுரைகளில் பங்குகொண்ட மெர்ட்ஸ் பர்டியூ பல்கலைக்கழகத்தவர். ஆலிவர் நெல்சனுடன் சேர்ந்து 1964இல் லைசின் மிகுந்த மக்காச்சோள வகையை உலகுக்கு அறிவித்தவரும் இவரே. 1914இல் எலியை மெலிவித்த சீன் அந்த மக்காச்சோளத்தில் குறைவாக இருந்தது.

குறைபாட்டின் உருவங்களும் சால்மன் இனத்தில்தான் முதலில் பதிவாயின. டிரிப்டோபேன் குறைந்தபோது சாக்கை சால்மனின் முதுகெலும்பு வளைந்தது. மெத்தியோனின் குறைந்த ட்ரவுட்டின் கண்ணில் புரை விழுந்தது. லைசின் குறைந்தபோது துடுப்புகள் அரிக்கப்பட்டன. எனினும் பெரும்பாலான அமிலங்கள் குறையும்போது தனி அடையாளம் எதுவும் தோன்றுவதில்லை. மீன் நலமாகவே தெரியும், ஆனால் வளராது. வளர்ப்போர் கண்ணுக்கு இக்குறை தென்படாமல் போவதற்கு இது முதற்காரணம்.

கெண்டையின் மறுப்பு

சால்மனில் வென்ற முறையை ஜப்பானிய ஆய்வாளர்கள் சாதாக் கெண்டையில் செய்து பார்த்தனர். ஆஓவே குழுவினர் 1970இல் வெளியிட்ட முடிவு ஏமாற்றமளித்தது. அமினோ அமிலக் கலவையை உண்ட இளங்கெண்டைகள் வளரவில்லை. கெண்டையால் தனி அமினோ அமிலங்களைப் பயன்படுத்த இயலாது என்ற முடிவுக்கே இது இட்டுச் சென்றிருக்கக்கூடும்.

1974இல் நோசே குழுவினர் இதற்கு வழி கண்டனர். லைசின், ஹிஸ்டிடின் போன்றவை தூய நிலையில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரைடு உப்புகளாகவே கிடைப்பதால் கலவை அமிலத்தன்மை அடைகிறது. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அதை நடுநிலைக்கு அருகே, ஏறத்தாழ 6.5 முதல் 6.7 என்னும் அமில கார அளவுக்குக் கொண்டுவந்தபோது கெண்டைகள் வளர்ந்தன. கெண்டைக்கு இரைப்பை இல்லை. உணவு நேரே குடலுக்குச் செல்கிறது. சால்மனுக்குப் பொருட்டாகத் தோன்றாத புளிப்பு கெண்டையின் குடலுக்கு ஒவ்வவில்லை என்று விளக்கம் கூறப்படுவதுண்டு. இவ்விளக்கம் கவர்ச்சியானது, முழுமையானதன்று. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்சன் குழுவினர் 1977இல் அமெரிக்கக் கால்வாய்க் கெளுத்தியில் இதே நடுநிலையாக்கத்தைச் செய்தபோதும் வளர்ச்சி மேம்பட்டது. கெளுத்திக்கோ இரைப்பை உண்டு.

கெண்டையில் இரண்டாவது சிக்கலும் இருந்தது. தனித்த அமினோ அமிலம் குடலிலிருந்து விரைந்து உறிஞ்சப்படுகிறது. புரதத்தில் பிணைந்திருப்பது செரித்துப் பிரிந்து மெல்ல வருகிறது. தசையை உருவாக்கப் பத்தும் ஒரே வேளையில் வந்துசேர வேண்டும். முந்தி வந்தது காத்திருப்பதில்லை. எரிக்கப்படுகிறது, அல்லது வெளியேற்றப்படுகிறது. கட்டடப் பணிக்குச் செங்கல் காலையிலும் சுண்ணாம்பு மாலையிலும் வந்த கதை இது. யமாதா குழுவினர் 1981இல் ஒருநாள் தீவனத்தையே பலமுறையாகப் பிரித்துக் கொடுத்துக் கெண்டையில் பயன்பாட்டை உயர்த்திக் காட்டினர். ஆக, கெண்டை தொடர்பான ஒவ்வோர் எண்ணும் நடுநிலையாக்கம், உணவூட்டும் முறை ஆகிய இரு நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. இந்தியப் பெருங்கெண்டைகளான கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் இரைப்பையற்ற அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. சால்மன் ஆய்வின் வழியை இவற்றுக்கு 1960களிலேயே எடுத்தாண்டிருந்தாலும் தோல்வியே விளைந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

எண்கள் பிறந்த விதம்

1979இல் நோசே தொகுத்த சாதாக் கெண்டையின் லைசின் தேவை, தீவனப் புரதத்தில் 5.7 விழுக்காடு. கால்வாய்க் கெளுத்திக்கு 5.1. சந்தியாகோ, லவல் ஆகியோர் 1988இல் நைல் திலேப்பியாவுக்குக் கண்டது 5.12. கட்லாவுக்கு ரவியும் தேவராஜும் தந்தது ஏறத்தாழ 6.2. ரோகுவுக்கு மூர்த்தி, வர்கீஸ் 1997இல் கண்டது 5.68; மிர்காலுக்கு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் அகமதும் கானும் 2004இல் கண்டது 5.75.

இவ்வெண்களை அடுக்கி, கட்லாவுக்கு லைசின் மிகுதி, கெளுத்திக்குக் குறைவு என்று முடிவு கட்டுவது வழக்கமாக உள்ளது. அது ஏற்கத்தக்கதன்று. வானவில் ட்ரவுட் என்னும் ஒரே இனத்துக்கே வெவ்வேறு ஆய்வகங்கள் கண்ட லைசின் தேவை 3.7 முதல் 6.1 வரை விரிகிறது. இனங்களுக்கிடையே காணும் வேறுபாட்டைவிட ஆய்வகங்களுக்கிடையே காணும் வேறுபாடு இங்குப் பெரிது. மீனின் அளவு, தீவனத்தின் மொத்தப் புரதம், ஆற்றல், நீரின் வெப்பம் ஆகியன மாறுகின்றன. கணக்கிடும் முறையும் மாறுகிறது. வளர்ச்சி ஏறி ஓரிடத்தில் சட்டென நிற்பதாகக் கொண்டு முறிகோடு வரைபவர் பெறும் எண், வளைகோட்டின் உச்சியைத் தேவையாகக் கொள்பவர் பெறும் எண்ணைவிடப் பொதுவாகக் குறைவாக இருக்கும். மெத்தியோனினில் குழப்பம் இன்னும் கூடுதல். மெத்தியோனினின் பணியில் ஒரு பகுதியைச் சிஸ்டின் ஏற்றுக்கொள்ளும். கெளுத்தியில் இது 60 விழுக்காடு வரை என்று கண்டனர். தீவனத்தில் சிஸ்டின் எவ்வளவு இருந்தது என்று குறிக்காத மெத்தியோனின் எண் பொருளற்றது.

குளம் மறைத்த குறை

இந்தியாவில் ஊட்ட ஆய்வு நடைபெறாமல் இல்லை. சென் குழுவினர் 1978இல் கெண்டைக் குஞ்சுகளின் புரதத் தேவை 45 விழுக்காடு என வெளியிட்டனர். ஆனால் அது மொத்தப் புரதம் பற்றியது. 1971இல் தொடங்கிய கூட்டுமீன் வளர்ப்புக்கான அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டம், மூன்று இந்தியக் கெண்டைகளையும் வெள்ளிக் கெண்டை, புல் கெண்டை, சாதாக் கெண்டை ஆகியவற்றையும் ஒரே குளத்தில் வளர்க்கும் முறையை நாடெங்கும் கொண்டுசென்றது. அங்கும் தீவனம் பழையதே: கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சம அளவில்.

இக்கலவையை இன்றைய அறிவைக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். கடலைப் புண்ணாக்கில் 40 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், தவிட்டில் 12 விழுக்காடு அளவிலும் புரதம் இருப்பதாகக் கொண்டால், 100 கிராம் கலவையில் ஏறத்தாழ 27 கிராம் புரதம் கிடைக்கும். கடலைப் புரதத்தில் லைசின் 3.5 விழுக்காடு அளவே உள்ளது. தவிட்டையும் சேர்த்தால் கலவையில் கிடைக்கும் லைசின் 1 கிராம் அளவு. கட்லாவின் தேவையாகக் கூறப்பட்ட 6.2 விழுக்காட்டின்படி அந்த 27 கிராம் புரதத்தில் 1.7 கிராம் லைசின் இருக்க வேண்டும். ஐந்தில் இரு பங்கு குறைகிறது. மெத்தியோனினின் நிலை இதைவிட மோசம். அர்ஜினின் மட்டும் கடலைப் புண்ணாக்கில் தேவைக்கு மேல் நிரம்பிக் கிடக்கிறது.

கணக்குப்படி இத்தீவனத்தில் மீன் வளர்ச்சி குன்ற வேண்டும். குளத்திலோ மீன் வளர்ந்தது. காரணம் புண்ணாக்கில் இல்லை; நீரில் இருந்தது. சாணமும் உரமும் இட்ட குளத்தில் பெருகும் விலங்கு மிதவை உயிரிகளின் உலர் எடையில் பாதிக்கு மேற்பட்டது புரதமாகவே இருப்பதுண்டு; அதில் லைசினும் மெத்தியோனினும் போதிய அளவில் உள்ளன. கட்லா மேல்மட்ட நீரில் இவற்றை வடித்து உண்ணும் மீன். புண்ணாக்கு விட்ட குறையை மிதவை உயிரி நிரப்பியது. இன்னொரு வகையில் கூறினால், புண்ணாக்கும் தவிடும் ஆற்றலைக் கொடுத்ததால் மிதவை உயிரியின் விலையுயர்ந்த புரதம் எரிந்துபோகாமல் தசையாயிற்று. வளர்ப்போருக்கு இதில் குறை தெரிய வழியில்லை. ஆய்வாளருக்கும் அவசரம் எழவில்லை. தேவையை அறியாமல் தேவை நிறைவேறிக்கொண்டிருந்தது என்பதே 1970களின் நிலை.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு குளத்தில் விளையும் மிதவை உயிரியின் அளவு, இருப்பு வைக்கும் மீனின் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறுவதில்லை. இருப்பு கூடக்கூட ஒவ்வொரு மீனுக்கும் கிடைக்கும் இயற்கை உணவின் பங்கு சுருங்குகிறது. தீவனத்தின் பங்கு வளர்கிறது. தீவனத்தின் குறை முதன்முறையாக மீனின் குறையாகிறது. ஆந்திரத்தின் கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்களில் 1980களில் கெண்டை வளர்ப்பு பெருந்தொழிலாக விரிந்தது. துளையிட்ட பைகளில் தவிட்டையும் புண்ணாக்கையும் நிரப்பிக் கழிகளில் கட்டிவிடும் முறை அங்கு நிலைபெற்றது. அமினோ அமில அளவுகளைத் தேடும் இந்தியக் கட்டுரைகள் அதையடுத்த பத்தாண்டுகளில் தொடர்ந்து வெளிவருவது தற்செயலாகத் தோன்றவில்லை. குளம் அதுவரை மறைத்து வந்ததை இருப்பு அடர்த்தி வெளிக்கொணர்ந்தது.

விலையின் பங்கு

மீன்தூள் மலிவாக இருக்கும்வரை உலகின் பிற பகுதிகளிலும் இக்கேள்வி கூர்மையடையவில்லை. மீன்தூளின் அமினோ அமில அமைப்பு மீனின் தேவையோடு பெரிதும் ஒத்துப்போவதால், அதைத் தாராளமாகச் சேர்ப்பவருக்குக் கணக்கு வேண்டியதில்லை. 1970இல் 1 கோடியே 20 லட்சம் டன்னைத் தாண்டிய பெருவின் நெத்தலி மீன்பிடிப்பு, எல் நினோவாலும் மிகைப்பிடிப்பாலும் 1972, 1973 ஆண்டுகளில் சரிந்தது. மீன்தூளின் விலை ஏறியது. தாவரப் புரதத்தின் மேல் கவனம் திரும்பியது.

தாவரப் புரதத்தில் விடுபடுவதை இட்டு நிரப்ப மலிவான லைசின் வேண்டும். அதற்கான வழியும் அதே 1957இல்தான் வெளியாயிற்று. ஜப்பானின் கினோஷிதா குழுவினர் அமினோ அமிலத்தை நொதித்தல் வழியே சுரக்கும் பாக்டீரியாவை அவ்வாண்டு அறிவித்தனர். முதலில் குளூட்டமிக் அமிலத்துக்காகத் தேடப்பட்ட அந்த நுண்ணுயிரி இனம் விரைவிலேயே லைசின் உற்பத்திக்கும் பயன்பட்டது. அங்குல், குக், ஜப்பான் மூன்றிலும் பணியாற்றியவர்கள் ஒருவருக்காக மற்றவர் உழைத்தவர்கள் அல்லர். கடலைப் புண்ணாக்கில் குறையும் லைசினைச் சாக்கு மூட்டையிலிருந்து அள்ளிச் சேர்க்கும் இன்றைய தீவன ஆலையில் அம்மூன்று பணிகளும் ஒன்றுகூடுகின்றன.

ஒன்றுகூடும் அவ்விடத்திலும் பழைய சிக்கல்கள் தொடர்கின்றன. சாக்கு மூட்டையில் வருவது பெரும்பாலும் லைசின் ஹைட்ரோகுளோரைடே. விரைந்து உறிஞ்சப்படும் தனி அமிலமே. சோதனைத் தொட்டியில் ஒருநாளில் பலமுறை உணவிட்டுக் கண்ட அளவு, ஒருமுறையோ இருமுறையோ தீவனமிடும் குளத்தில் அவ்வாறே பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. அட்டவணைகளில் உள்ள அளவுகளோ பெரும்பாலும் மிதவை உயிரியே இல்லாத தெளிந்த நீரில், சில கிராம் எடையுள்ள விரலிகளைச் சில வாரங்கள் வளர்த்துப் பெறப்பட்டவை. சந்தைக்குச் செல்லும் கட்லா ஒரு கிலோவைக் கடந்தது. அது வளர்ந்ததோ பச்சை நீரில்.